இரத்தப் பரிசோதனை அறிக்கையில் சோடியமும் பொட்டாசியமும்: அணு அயனியாவது எவ்வாறு, அதனை நோயாளி ஏன் அறிய வேண்டும்?

உங்களுக்கோ, நீங்கள் பராமரித்து வரும் ஒருவருக்கோ இரத்தப் பரிசோதனை செய்திருந்தால், அறிக்கையில் ‘எலக்ட்ரோலைட்டுகள்’ என்னும் தலைப்பின்கீழ்ச் சோடியம், பொட்டாசியம், குளோரைடு, பைகார்பனேட் ஆகிய பெயர்களைக் கண்டிருப்பீர்கள். தமிழில் இவற்றை மின்பகுளிகள் என்கிறோம். இவை அனைத்தும் அயனிகள். அதாவது, எலக்ட்ரானை இழந்தோ பெற்றோ மின்னூட்டம் அடைந்த அணுக்கள் அல்லது அணுத்தொகுதிகள்.

அயனி என்ற சொல் பள்ளி வேதியியல் பாடத்தோடு முடிந்துவிட்டதாகத் தோன்றலாம். ஆயினும், சிறுநீரக நோயாளி எந்த உப்பை உண்ணலாம், வயிற்றுப்போக்கால் சோர்ந்த குழந்தைக்கு உப்பு சர்க்கரைக் கரைசலை ஏன் அளந்தே கலக்க வேண்டும், பொட்டாசியம் 6.5 என்று அறிக்கை வந்தால் மருத்துவர் ஏன் உடனே வரச் சொல்கிறார் என்னும் வினாக்களுக்கு விடை இந்த ஒரு சொல்லில் அடங்கியுள்ளது.

சுருக்கமாக

• இரத்தத்தில் உள்ள சோடியமும் பொட்டாசியமும் உலோகங்கள் அல்ல. ஓர் எலக்ட்ரானை இழந்த அயனிகள்.
• இதயத் துடிப்பு, நரம்புச் செய்தி, தசை அசைவு ஆகியவை அயனிகள் செல்லின் உள்ளும் புறமும் நகர்வதால் நிகழ்கின்றன.
• இரத்தத்தில் பொட்டாசியத்தின் அளவு மிகக் குறைவு. எனவே அதில் ஏற்படும் சிறு மாற்றமும் இதயத்தைப் பாதிக்கும்.
• ஓ.ஆர்.எஸ். கரைசல், உப்பின் வகை, சில மருந்துகள் ஆகியவை இந்த அளவுகளை மாற்றவல்லவை. ஆகவே அளவும் ஆலோசனையும் அவசியம்.

அணு எவ்வாறு அயனியாகிறது?

ஒவ்வோர் அணுவின் நடுவிலும் அணுக்கரு உள்ளது. அதில் நேர் மின்னூட்டம் கொண்ட புரோட்டான்களும், மின்னூட்டம் அற்ற நியூட்ரான்களும் உள்ளன. அணுக்கருவைச் சுற்றி எதிர் மின்னூட்டம் கொண்ட எலக்ட்ரான்கள் அடுக்கடுக்கான கூடுகளில் அமைந்துள்ளன. இயல்பான அணுவில் புரோட்டான்களும் எலக்ட்ரான்களும் எண்ணிக்கையில் சமம். ஆகவே அணு மொத்தத்தில் மின்னூட்டம் அற்றது.

சோடியம் அணுவில் 11 புரோட்டான்களும் 11 எலக்ட்ரான்களும் உள்ளன. எலக்ட்ரான்கள் முதற்கூட்டில் 2, இரண்டாம் கூட்டில் 8, மூன்றாம் கூட்டில் 1 என அமைந்துள்ளன. பெரும்பாலான இலகுவான தனிமங்களில், வெளிக்கூட்டில் 8 எலக்ட்ரான்கள் இருக்கும் நிலையே நிலைத்தன்மை மிக்கது. சோடியம் தன் வெளிக்கூட்டில் தனித்து நிற்கும் ஓர் எலக்ட்ரானை எளிதில் இழந்துவிடும். இழந்த பின், 8 எலக்ட்ரான்கள் நிறைந்த இரண்டாம் கூடே வெளிக்கூடாகிறது. இப்போது புரோட்டான்கள் 11, எலக்ட்ரான்கள் 10. ஒரு நேர் மின்னூட்டம் மிஞ்சுகிறது. இதுவே சோடியம் அயனி. இத்தகையவை நேர் அயனிகள் எனப்படும்.

குளோரின் அணுவில் 17 எலக்ட்ரான்கள் 2, 8, 7 என அமைந்துள்ளன. எட்டினை நிறைவு செய்ய அதற்கு இன்னும் ஓர் எலக்ட்ரான் தேவை. அதனைப் பெற்றதும் எலக்ட்ரான்கள் 18 ஆகி, ஓர் எதிர் மின்னூட்டம் கூடுகிறது. இதுவே குளோரைடு அயனி; இத்தகையவை எதிர் அயனிகள் எனப்படும்.

உடலுக்கு இன்றியமையாத பிற தனிமங்களும் இவ்வாறே அயனியாகின்றன.

• பொட்டாசியம்: 19 எலக்ட்ரான்கள். ஒன்றை இழக்கிறது.
• மெக்னீசியம்: 12 எலக்ட்ரான்கள். இரண்டை இழக்கிறது.
• கால்சியம்: 20 எலக்ட்ரான்கள். இரண்டை இழக்கிறது.
• இரும்பு: இரண்டையோ மூன்றையோ இழக்கவல்லது. இரத்தசோகைக்கு வழங்கப்படும் மாத்திரைகள் பலவற்றில் இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ‘ஃபெரஸ்’ வகை இரும்பு உள்ளது. குடல் இதனை எளிதில் உறிஞ்சுகிறது.

எலக்ட்ரான் ஒன்று கைமாறுவது சிறு நிகழ்வாகத் தோன்றலாம். ஆனால் அதனால் பொருளின் தன்மையே மாறிவிடுகிறது. சோடியம் உலோகம் நீர் பட்டதும் கடுமையாக வினைபுரியும். அதனால் ஆய்வகங்களில் அதனை மண்ணெண்ணெயில் அமிழ்த்தி வைப்பர். குளோரின் நுரையீரலை எரிக்கும் நச்சு வாயு. 1915-இல் முதல் உலகப் போரில் ஆயுதமாகப் பயன்படுத்தப்பட்டது. இவ்விரண்டும் ஓர் எலக்ட்ரானைக் கொடுத்துப் பெற்றபின் உருவாவது நாம் நாள்தோறும் உண்ணும் சமையல் உப்பு. எனவே, உங்கள் அறிக்கையில் ‘சோடியம்’ என்று எழுதப்பட்டிருப்பது எப்போதும் சோடியம் அயனியையே குறிக்கும்.

பிணைப்புகள்: கொடுப்பதும் பகிர்வதும்

நேர் அயனியும் எதிர் அயனியும் ஒன்றையொன்று ஈர்க்கும். இந்த ஈர்ப்பினால் உண்டாவது அயனிப் பிணைப்பு. உப்புப் படிகத்தில் ஒவ்வொரு சோடியம் அயனியையும் சுற்றி ஆறு குளோரைடு அயனிகளும், ஒவ்வொரு குளோரைடு அயனியையும் சுற்றி ஆறு சோடியம் அயனிகளும் ஒழுங்காக அடுக்கப்பட்டுள்ளன.

எல்லா அணுக்களும் எலக்ட்ரானை முழுமையாகக் கொடுப்பதோ பெறுவதோ இல்லை. சில அணுக்கள் தம் எலக்ட்ரான்களைப் பொதுவாகப் பகிர்ந்துகொள்கின்றன. இது சகப்பிணைப்பு. நீர், சர்க்கரை, குளுக்கோஸ் ஆகியவற்றின் மூலக்கூறுகள் இவ்வாறு அமைந்தவை. ஆதலால் சர்க்கரை நீரில் கரைந்தாலும் அயனிகளாகப் பிரிவதில்லை.

பைகார்பனேட்டில் இவ்விரு தன்மைகளும் உள்ளன. அதிலுள்ள ஹைட்ரஜன், கார்பன், ஆக்சிஜன் அணுக்கள் தமக்குள் சகப்பிணைப்பால் இணைந்துள்ளன. அத்தொகுதி முழுவதும் ஓர் எதிர் மின்னூட்டத்தைக் கொண்டுள்ளது. இரத்தம் அமிலத்தன்மை அடையாமல் காப்பதில் பைகார்பனேட் முதன்மைப் பங்கு வகிக்கிறது. நாட்பட்ட சிறுநீரக நோயில் இது குறையக்கூடும். அந்நிலையில் சிலருக்கு மருத்துவர் சோடியம் பைகார்பனேட் மாத்திரை பரிந்துரைப்பதுண்டு.

நீரில் கரையும்போது என்ன நிகழ்கிறது?

நீர் மூலக்கூறில் ஆக்சிஜன் பக்கம் சற்றே எதிர் மின்னூட்டமும், ஹைட்ரஜன் பக்கம் சற்றே நேர் மின்னூட்டமும் உள்ளன. உப்பை நீரில் இட்டால், நீர் மூலக்கூறுகள் சோடியம் அயனிகளை ஒரு விதமாகவும் குளோரைடு அயனிகளை மறுவிதமாகவும் சூழ்ந்து, படிகத்திலிருந்து பிரித்து விடுகின்றன. கரைந்த பின் அங்கே ‘உப்பு’ என்ற ஒன்று இல்லை. தனித்தனியே திரியும் சோடியம் அயனிகளும் குளோரைடு அயனிகளுமே உள்ளன. இவை மின்சாரத்தைக் கடத்தவல்லவை. மின்பகுளி என்னும் பெயர் இத்தன்மை பற்றியே வந்தது.

கரைசலில் உப்புகள் தாமாகவே அயனிகளாகப் பிரிகின்றன என்ற கருத்தைச் சுவீடன் நாட்டின் சுவாந்தே அரீனியசு 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் முன்வைத்தார். அப்பணிக்காக 1903-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார்.

செல்லின் உள்ளும் புறமும்

உடலில் அயனிகள் எல்லா இடங்களிலும் ஒரே அளவில் கலந்திருப்பதில்லை. சோடியம் பெரும்பாலும் செல்லுக்கு வெளியேயும், பொட்டாசியம் பெரும்பாலும் செல்லுக்கு உள்ளேயும் இருக்கின்றன.

• சோடியம்: வெளியே லிட்டருக்கு ஏறத்தாழ 140 மில்லிமோல், உள்ளே 10 முதல் 15 வரை.
• பொட்டாசியம்: வெளியே லிட்டருக்கு ஏறத்தாழ 4 மில்லிமோல், உள்ளே ஏறத்தாழ 140.

இவ்வேற்றுமை தானாக அமைவதன்று. ஒவ்வொரு செல்லின் சவ்விலும் உள்ள ஒரு புரதம், மூன்று சோடியம் அயனிகளை வெளியேற்றி, இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே சேர்க்கும் பணியை இடைவிடாது செய்கிறது. இதனைச் சோடியம்-பொட்டாசியம் பம்பு என்பர். நாம் உறங்கும்போதும் உடல் செலவிடும் ஆற்றலில் கணிசமான பங்கு இப்பணிக்கே செல்கிறது. டென்மார்க் நாட்டின் யென்ஸ் ஸ்கோ 1957-இல் இதனைக் கண்டறிந்தார். 1997-இல் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார்.

நரம்பில் ஒரு செய்தி செல்லும்போது, சவ்விலுள்ள நுண்வாயில்கள் திறந்து சோடியம் உட்புகுகிறது. பின்னர்ப் பொட்டாசியம் வெளியேறுகிறது. கண் இமைப்பதும், கை அசைப்பதும், வலியை உணர்வதும் இவ்வாறே நிகழ்கின்றன. இதயம் சுருங்குவதற்கு இவற்றுடன் கால்சியம் அயனியும் தேவை.

கால்சியத்தின் இப்பங்கு எதிர்பாராத வகையில் தெரியவந்தது. இலண்டன் மருத்துவர் சிட்னி ரிங்கர் 1880-களில், உடலிலிருந்து பிரித்தெடுத்த தவளை இதயத்தை உப்புக் கரைசலில் வைத்து ஆய்வு செய்தார். இதயம் தொடர்ந்து துடித்தது. பின்னர்தான், அக்கரைசல் வடிநீருக்குப் பதிலாகக் குழாய் நீரில் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. வடிநீரில் கலந்த கரைசலில் இதயம் படிப்படியாக வலுவிழந்து நின்றது. குழாய் நீரில் இருந்த கால்சியமே துடிப்பைக் காத்தது என்பதை அவர் 1883-இல் வெளியிட்டார். இன்று மருத்துவமனைகளில் நரம்பு வழி ஏற்றப்படும் ‘ரிங்கர் லாக்டேட்’ திரவம் அவர் பெயரால் வழங்குவதாகும். அதில் சோடியம், பொட்டாசியம், கால்சியம், குளோரைடு, லாக்டேட் ஆகிய அயனிகள் அளவறிந்து சேர்க்கப்பட்டுள்ளன.

உங்கள் அறிக்கையை எவ்வாறு வாசிப்பது?

அறிக்கையில் ஆங்கிலக் குறியீடுகள் மட்டுமே இருக்கலாம். சோடியத்துக்கு ‘என்.ஏ.’, பொட்டாசியத்துக்குக் ‘கே’ என்று எழுதுவர். நேட்ரியம், காலியம் என்னும் இலத்தீன் பெயர்களின் சுருக்கம் அவை. பெரியவர்களுக்கான வழக்கமான அளவுகள் பின்வருமாறு:

• சோடியம்: லிட்டருக்கு 135 – 145 மில்லிமோல்
• பொட்டாசியம்: லிட்டருக்கு 3.5 – 5.0 மில்லிமோல்
• குளோரைடு: லிட்டருக்கு 96 – 106 மில்லிமோல்
• பைகார்பனேட்: லிட்டருக்கு 22 – 28 மில்லிமோல்
• மொத்தக் கால்சியம்: டெசிலிட்டருக்கு 8.5 – 10.5 மில்லிகிராம்

ஆய்வகத்துக்கு ஆய்வகம் இவ்வெல்லைகள் சிறிது மாறுபடும். உங்கள் அறிக்கையிலேயே அச்சிடப்பட்டுள்ள எல்லையுடன் ஒப்பிடுங்கள். சில அறிக்கைகளில் ‘மில்லி ஈக்விவலன்ட்’ என்ற அலகு காணப்படும். ஒற்றை மின்னூட்டம் கொண்ட சோடியம், பொட்டாசியம், குளோரைடு, பைகார்பனேட் ஆகியவற்றுக்கு இரு அலகுகளிலும் எண் ஒன்றே.

இரத்தத்தில் உள்ள கால்சியத்தில் ஏறக்குறையப் பாதி மட்டுமே தனித்த அயனியாக உள்ளது. மீதியின் பெரும்பகுதி அல்புமின் என்னும் புரதத்துடன் ஒட்டியுள்ளது. செயல்படுவது அயனி நிலையில் உள்ள பகுதியே. ஆகவே அல்புமின் குறைந்தவருக்கு மொத்தக் கால்சியம் குறைவாகத் தெரிந்தாலும், அயனி நிலைக் கால்சியம் சரியாக இருக்கக்கூடும். அதனை உறுதிசெய்ய மருத்துவர் தனிப் பரிசோதனை கோரலாம்.

பொட்டாசியம் உயர்ந்தால் ஏன் அவசரம்?

செல்களுக்கு வெளியே உள்ள உடல் திரவம் பெரியவர் ஒருவருக்கு ஏறத்தாழ 14 லிட்டர். லிட்டருக்கு 4 மில்லிமோல் என்று கொண்டால், அதில் உள்ள மொத்தப் பொட்டாசியம் ஏறக்குறைய 2 கிராம் மட்டுமே. ஒருவர் ஒரு நாள் உணவில் உட்கொள்ளும் பொட்டாசியமே பொதுவாக இதற்கு ஈடாகவோ மிகுதியாகவோ இருக்கும். ஆரோக்கியமானவரின் உடலில் செல்கள் அதனை விரைந்து உள்ளிழுத்துக்கொள்கின்றன. மிகுதியைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடுகிறது. சிறுநீரகம் செயலிழந்தவருக்கு அவ்வழி அடைபட்டுள்ளது.

வெளியே பொட்டாசியம் மிகும்போது, செல்லின் உள்ளுக்கும் புறத்துக்கும் இடையிலான வேற்றுமை குறைந்து, இதயத்தின் மின் செயல்பாடு குலைகிறது. தசைத் தளர்ச்சி, கைகால் மரத்தல், படபடப்பு ஆகியவை தோன்றலாம். எந்த அறிகுறியும் இன்றியே ஆபத்தான நிலை ஏற்படுவதும் உண்டு. அதனால்தான், நோயாளி நலமாக இருப்பதாக உணர்ந்தாலும் மருத்துவர் உடனே இ.சி.ஜி. எடுக்கச் சொல்கிறார்.

சிகிச்சையின்போது நீங்கள் காண்பவற்றின் காரணம் இதுதான்: கால்சியம் ஊசி இதயத்தைத் தற்காலிகமாகக் காக்கிறது, இன்சுலினும் குளுக்கோஸும் பொட்டாசியத்தைச் செல்களுக்குள் செலுத்துகின்றன, டயாலிசிஸ் அதனை உடலிலிருந்து அகற்றுகிறது. நீரிழிவு இல்லாதவருக்கு ஏன் இன்சுலின் தரப்படுகிறது என்று அஞ்ச வேண்டியதில்லை.

சில வேளைகளில் இரத்த மாதிரியில் உள்ள சிவப்பணுக்கள் சிதைந்து, அவற்றின் உள்ளிருந்த பொட்டாசியம் கசிவதால் எண் உயர்ந்து காணப்படும். எனவே மருத்துவர் மீண்டும் இரத்தம் எடுக்கச் சொன்னால் ஒத்துழையுங்கள். அதே சமயம், ‘ஆய்வகத்தின் தவறாக இருக்கும்’ என்று நீங்களாகவே முடிவு செய்து காத்திருக்க வேண்டாம்.

பொட்டாசியம் குறைவதும் தீங்கானதே. வாந்தி, வயிற்றுப்போக்கு, ஃபுரோசமைடு போன்ற சிறுநீர்ப் பெருக்கி மருந்துகள் ஆகியவற்றால் அது குறையலாம். தசைப்பிடிப்பு, மலச்சிக்கல், சீரற்ற துடிப்பு ஆகியவை அறிகுறிகள். டிகாக்சின் மாத்திரை உட்கொள்பவர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்.

சோடியம் குறைந்தால் என்ன நேரும்?

இரத்தத்தில் சோடியம் குறையும்போது, நீர் செல்களுக்குள் புகுந்து அவற்றை வீங்கச் செய்கிறது. மண்டையோட்டுக்குள் அடங்கியுள்ள மூளைக்கு வீங்க இடமில்லை. ஆகவே தலைவலி, குமட்டல், குழப்பமான பேச்சு, மிகுந்த தூக்கம், வலிப்பு ஆகியவை தோன்றுகின்றன. முதியவர் ஒருவர் திடீரெனத் தடுமாறிப் பேசினால், ‘வயதின் காரணம்’ என்று விட்டுவிடாதீர்கள். தையசைடு வகை இரத்த அழுத்த மாத்திரையோ, மனச்சோர்வுக்கான சில மருந்துகளோ உட்கொள்பவராயின், சோடியம் குறைந்திருக்க வாய்ப்புண்டு.

சோடியம் குறைவு என்றதும் வீட்டிலேயே உப்பை அள்ளிக் கொடுப்பது தவறு. பலருக்கு உடலில் உப்பு குறைந்திருப்பதில்லை. நீர் மிகுந்திருப்பதே காரணம். அவர்களுக்கு நீரைக் குறைப்பதே சிகிச்சையாகும். மேலும், நாட்பட்டுக் குறைந்த சோடியத்தை மிக வேகமாக உயர்த்தினால் மூளைக்கு நிலையான பாதிப்பு ஏற்படக்கூடும். மருத்துவமனையில் அடிக்கடி இரத்தம் எடுத்து, மெதுவாகத் திருத்துவதன் காரணம் இதுவே.

வயிற்றுப்போக்கில் ஓ.ஆர்.எஸ்.: அளவே மருந்து

வயிற்றுப்போக்கில் நீர் மட்டுமன்றிச் சோடியம், பொட்டாசியம், குளோரைடு, பைகார்பனேட் அயனிகளும் வெளியேறுகின்றன. வெறும் நீர் இவற்றை ஈடுசெய்யாது. குடலின் சுவரில், சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து வந்தால் அவற்றை ஒன்றாக உள்ளே கடத்தும் வாயில் உள்ளது. அவற்றைத் தொடர்ந்து நீரும் உட்புகும். வயிற்றுப்போக்கின்போதும் இவ்வாயில் பெரும்பாலும் செயல்படுகிறது. 1971-இல் வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, மருத்துவர் திலீப் மகலானபிஸ் இக்கரைசலை வாய்வழி வழங்கிப் பல உயிர்களைக் காத்தார்.

உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2002 முதல் பரிந்துரைக்கும் பொட்டலத்தில், ஒரு லிட்டர் நீருக்குரியவை:

• சோடியம் குளோரைடு – 2.6 கிராம்
• பொட்டாசியம் குளோரைடு – 1.5 கிராம்
• ட்ரைசோடியம் சிட்ரேட் – 2.9 கிராம்
• குளுக்கோஸ் – 13.5 கிராம்

நீங்கள் செய்ய வேண்டியவை:

• பொட்டலத்தில் எவ்வளவு நீர் என்று அச்சிடப்பட்டுள்ளதோ, அவ்வளவு சுத்தமான குடிநீரில் முழுப் பொட்டலத்தையும் கரையுங்கள். 200 மில்லி லிட்டருக்கான சிறு பொட்டலமும் உண்டு, கவனித்து வாங்குங்கள்.
• நீர் குறைந்தால் கரைசல் செறிவாகி, குழந்தையின் இரத்தச் சோடியம் ஆபத்தான அளவுக்கு உயரலாம். நீர் கூடினால் பயன் குறையும்.
• பால், பழச்சாறு, குளிர்பானம் ஆகியவற்றில் கலக்காதீர்கள். கூடுதலாகச் சர்க்கரையோ உப்போ சேர்க்காதீர்கள்.
• 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை நீராக மலம் கழித்த பின்னும் 50 – 100 மில்லி லிட்டர். 2 முதல் 10 வயது வரை 100 – 200 மில்லி லிட்டர். அதற்கு மேற்பட்டோர் விரும்பும் அளவு.
• வாந்தி எடுத்தால் 10 நிமிடங்கள் பொறுத்து, மீண்டும் சிறிது சிறிதாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள்.
• கலந்த கரைசலை 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்துங்கள். மீதியைக் கொட்டிவிடுங்கள்.

பொட்டலம் உடனே கிடைக்காதபோது, ஒரு லிட்டர் குடிநீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொடுக்கலாம். கரண்டியைக் குவிக்காமல் தட்டையாக அளக்க வேண்டும். இக்கரைசலில் பொட்டாசியம் இல்லை. ஆகவே அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விரைவில் பொட்டலம் பெற்றுக்கொள்ளுங்கள். கடையில் விற்கும் இனிப்பு மிகுந்த பானங்கள் ஓ.ஆர்.எஸ்.-க்கு மாற்று ஆகா.

உப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் வினாக்கள்

இந்துப்பில் சோடியம் இல்லையா?
உள்ளது. இந்துப்பு, கல்லுப்பு, தூளுப்பு ஆகிய அனைத்திலும் பெரும்பகுதி சோடியம் குளோரைடே. நீரில் கரைந்தபின் எல்லாவற்றிலிருந்தும் அதே சோடியம் அயனியே கிடைக்கிறது. பெரியவர் ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே உண்ண வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. எந்த உப்பாயினும் அவ்வெல்லை பொருந்தும்.

‘சோடியம் குறைந்த உப்பு’ நல்லதுதானே?
எல்லோருக்கும் அன்று. அதில் சோடியம் குளோரைடின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கப்படுகிறது. இரத்த அழுத்தம் உள்ள பலருக்கு அது உதவலாம். ஆனால் சிறுநீரக நோயாளிகளுக்கும், ஸ்பைரோனோலாக்டோன், எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் போன்ற மருந்துகளை உட்கொள்பவர்களுக்கும் அதனால் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு உயரக்கூடும். மருத்துவரைக் கேளாமல் பயன்படுத்த வேண்டாம்.

இளநீர் இயற்கையானது, சிறுநீரக நோயாளிக்குக் கொடுக்கலாமா?
இளநீரில் பொட்டாசியம் மிகுதி. இயற்கையாகக் கிடைத்தாலும், பொட்டலத்தில் கிடைத்தாலும் பொட்டாசியம் அயனி ஒன்றே. மருத்துவர் அனுமதித்தால் ஒழியத் தவிர்க்கவும்.

காய்கறிகளில் உள்ள பொட்டாசியத்தைக் குறைக்க இயலுமா?
ஓரளவு இயலும். அயனிகள் நீரில் கரைபவை. காய்கறிகளைத் தோல் நீக்கிச் சிறு துண்டுகளாக நறுக்கி, மிகுந்த நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துவிட்டுச் சமைக்கலாம். வடித்த நீரைக் குழம்பிலோ இரசத்திலோ சேர்த்தால் பயனில்லை.

பராமரிப்பாளர்களின் கவனத்துக்கு

• எல்லா மருந்துச் சீட்டுகளையும் இரத்தப் பரிசோதனை அறிக்கைகளையும் தேதி வாரியாக ஒரே கோப்பில் வைத்திருங்கள். இன்றைய எண்ணைவிட, கடந்த எண்களிலிருந்து அது எவ்வளவு மாறியுள்ளது என்பதும் மருத்துவருக்கு முக்கியம்.
• டயாலிசிஸ் நாளைத் தவறவிடாதீர்கள். ஒரு முறை தவறினாலும் பொட்டாசியம் உயரும்.
• உடல்வலிக்கு மருந்துக் கடையில் தாமாக வலி மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். அவற்றுள் சில சிறுநீரகத்தைப் பாதித்துப் பொட்டாசியத்தை உயர்த்தும்.
• சிறுநீரகம் அல்லது இதய நோய் உள்ளவருக்கு வயிற்றுப்போக்கோ வாந்தியோ ஏற்பட்டால், வழக்கமான மாத்திரைகளைத் தொடரலாமா என்று அன்றே மருத்துவரிடம் கேளுங்கள். ஓ.ஆர்.எஸ்.-இல் சோடியமும் பொட்டாசியமும் இருப்பதால், அவர்களுக்கு உரிய அளவையும் கேட்டறியுங்கள்.

உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியவை

• சிறுநீரக நோயாளிக்குத் திடீர்த் தசைத் தளர்ச்சி, படபடப்பு, மூச்சுத்திணறல் அல்லது மயக்கம்
• குழப்பமான பேச்சு, எழுப்பினாலும் விழிக்க இயலாத தூக்கம், வலிப்பு
• வயிற்றுப்போக்கு உள்ள குழந்தைக்குக் குழிந்த கண்கள், குடிக்க இயலாமை, சோர்ந்து துவளுதல், பல மணி நேரம் சிறுநீர் கழியாமை, மலத்தில் இரத்தம்
• பொட்டாசியம் 6-க்கு மேல் அல்லது 3-க்குக் கீழ், அல்லது சோடியம் 125-க்குக் கீழ் என அறிக்கை வந்தால், அறிகுறி இல்லாவிடினும் அன்றே மருத்துவரை அணுகவும்

மயக்கம், வலிப்பு, மூச்சுத்திணறல் ஆகிய நிலைகளில் 108 அவசர ஊர்தியை அழையுங்கள். அறிக்கையையும் மருந்துப் பட்டியலையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.

நினைவில் கொள்க

ஓர் எலக்ட்ரானை இழப்பதால் சோடியமும் பொட்டாசியமும் நம் உடலுக்குப் பயன்படும் வடிவத்தை அடைகின்றன. அதன்பின் அவை நன்மை செய்வதும் தீமை செய்வதும் அளவையும் இருக்கும் இடத்தையும் பொறுத்தது. உங்கள் அறிக்கையில் உள்ள எண்கள் அதனையே காட்டுகின்றன. எல்லைக்கு வெளியே ஓர் எண்ணைக் கண்டால், அதன் பொருள் என்ன, உணவிலும் மருந்திலும் எதனை மாற்ற வேண்டும் என்று உங்கள் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

இப்பக்கத்தில் உள்ளவை பொதுவான தகவல்கள் மட்டுமே. இவை மருத்துவரின் நேரடி ஆலோசனைக்கு மாற்று ஆகா.